சப்தமிக்கு முன் ஒரு பதில்

ஓல்டன்
24.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கோ. ஒரு மணி தாண்டிவிட்டது. ஆருஷ் இப்போதுதான் கண்ணயர்ந்தான். ஜெனுசனுக்கு இந்தக் கிழமை இரவு வேலை. எனக்கு எழுத வேறு நேரம் வாய்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சீனிக் குளிசையைச் சாப்பாட்டோடுதான் போடுகிறீர்களா?

போனில் கேட்டால், "ஓம் பிள்ளை, சுகம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். உங்கள் டப்லெட்டில் தமிழ் விசைப்பலகை போட்டுத் தந்திருக்கிறேன், நீங்களும் எழுதுங்கோ. உங்கள் மகன் தமிழ் வாசிக்கமாட்டார். நான்தான் வாசித்துச் சொல்லவேண்டும்.

அவருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "பென்சன் எடுத்த மனுசன் ரெண்டு நாள் வீட்டில இருக்கப்படாதோ? மொறோக்கோவில என்ன கிடக்கு?" என்கிறார். தம்பியை, சின்ன மாமாவை அடக்கம் செய்த இடத்தைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று நான் சொன்னேன். "முப்பத்திரண்டு வருஷமாய்ப் போகாத இடத்துக்கோ?" என்றார்.

இன்னொன்று. சின்ன மாமாவின் திவசம் இந்தமுறை ஏப்ரல் நாலாம் திகதி, வளர்பிறைச் சப்தமியில் வருகிறதாம். வழக்கம்போல பேர்ண் கோயிலில் செய்வதற்கு ஐயரிடம் சொல்லிவிட்டதாக மாமி சொன்னா. ஆனால் நீங்கள் விமான நிலையத்தில் என் காதுக்குள், "இந்த வருஷம் வேண்டாம், பிறகு சொல்றன்" என்றீர்கள். நான் மாமியிடம் என்ன சொல்வது? மார்ச் முடிவதற்குள் கோயிலுக்கு உறுதி சொல்லவேண்டும்.

மறக்காமல் எழுதுங்கோ.

உங்கள் மருமகள்
சிவானுஜா


தாஞ்சியர்
27.02.2025

அன்பு மருமகளுக்கு,

நலம். அங்கையும் நலமாயிருக்கக் கடவுளை வேண்டுறன். பேரனுக்கு என்ரை முத்தம்.

இந்த எழுத்துகளைத் தேடிப்பிடிச்சு அமத்திறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகுது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஊர் மாறிப்போச்சு, பிள்ளை. பெரிய கப்பலுகள் இப்ப இஞ்ச வாறேல்லை, தூர வேற துறைமுகம் கட்டியிருக்கினம். துறைமுகத்துக்குப் பக்கத்தில நிண்ட ரயில் நிலையமும் இப்ப அங்க இல்லை. கடற்கரையில நடைபாதையும் பனைமரமும். நான் நிண்ட இடத்தில ஆரோ ஐஸ்கிறீம் விக்கிறான்.

டாக்சி வெளிர்நீலம், மஞ்சள் கோடு. கை காட்டினால் நிப்பாட்டுவான், ஆனால் உள்ளுக்கு முதலே ரெண்டு பேர் இருப்பினம். அவை போற பக்கம் நீயும் போறதெண்டால் ஏத்துவான், இல்லையெண்டால் தலையாட்டிப்போட்டுப் போயிடுவான். முதல் நாள் எனக்கு வெக்கமாயிருந்தது. சுவிஸில ஆரும் இருக்கிற டாக்சிக்குள்ள ஏறுவமோ? இப்ப நானும் கண்ணாடிக்குள்ளால தலையை விட்டுச் சொக்கோ, சொக்கோ எண்டு கத்துறன். அது பழைய சந்தைச் சதுக்கம். அங்கயிருந்து என்ரை அறைக்கு நடைதான். பழைய நகருக்குள்ள வாகனம் போகாது.

உள்ளுக்குப் போனால் போன் வரைபடம் ஒண்டுக்கும் உதவாது. நீலப் புள்ளி வீட்டுக் கூரையளுக்கு மேலால பாயுது. மூலைக்கு மூலை ஒருவன் வந்து "இது மூடின பாதை, இந்தப் பக்கம் வா" எண்டு கூட்டிக்கொண்டு போகப் பாக்கிறான். நான் கேக்கிறேல்லை. இறக்கத்தில போனால் கடல், ஏத்தத்தில போனால் கோட்டை. அவ்வளவும் தெரிஞ்சால் துலைஞ்சுபோக ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை நோன்புக்காக ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டவை. எனக்கு அண்டு முழுக்க மனம் சரியில்லை. காரணமில்லை, சும்மா.

குலேந்திரன்


ஓல்டன்
03.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு ஆறுதல். இங்கு சுகம். ஆருஷுக்கு மேல்பல் இரண்டும் ஒன்றாக வருகிறது. மூன்று இரவாகத் தோளிலேயே கிடக்கிறான். எனக்கும் சுகம்தான், நித்திரைதான் கொஞ்சம் குறைவு.

ஒரு கையால் அவனைத் தட்டிக்கொண்டு மறுகையால் நீங்கள் இருக்கும் ஊரின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சதுக்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போக நிறையப் படிகள் இருக்கின்றனபோல் தெரிகிறது. படியால் இறங்காதீர்கள். கடற்கரையோரம் சுற்றிப் போகும் பெரிய தெரு இருக்கிறது, தூரமென்றாலும் பரவாயில்லை. விழுந்தால் யார் தூக்குவது?

ஜெனுசனிடம் உங்கள் கடிதத்தில் டாக்சிக் கதையை மட்டும் சொன்னேன். சிரித்தார். மற்றதைச் சொல்லவில்லை, சொல்வதற்கு நீங்களும் எதையும் எழுதவில்லை. திவசத்தைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஐயரின் மனைவி மாமியிடம் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாவாம்.

பிள்ளை அழுகிறான். பதில் போடுங்கோ.

சிவானுஜா


தாஞ்சியர்
09.03.2025

அன்பு மருமகளுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. பேரன்ரை பல்லு வெளியில வந்திட்டுதோ? முரசில கிராம்பெண்ணெய் பூசிப்போடாதை, அந்தக் காலத்துக் கதையளைக் கேளாதை.

நேற்று ஒரு கூத்து. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய லொட்ஜ் இருக்கெண்டு கேள்விப்பட்டுப் போனன். திரும்ப வெளிக்கிட, பொழுது பட்டுக்கொண்டிருக்கு. தெருவில ஒரு சீவன் இல்லை. டாக்சி இல்லை, பஸ் இல்லை, பூனை மட்டும். நோன்பு துறக்கிற நேரம் எல்லாரும் வீட்டுக்குள்ள எண்டது எனக்கு நினைவில்லை. அந்தப் பெரிய தெருவில நடுவால நடந்தன். முழங்கால் நோவில ஒரு கராஜ் வாசல்ல இருந்திட்டன். உள்ளுக்கு நாலு மெக்கானிக் பெடியள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவங்கள். ஒண்டும் கேக்கேல்லை, ஒரு கோப்பை சூப்பும் மூண்டு பேரீச்சம்பழமும் கையில தந்தாங்கள். பருப்பும் தக்காளியும் போட்ட சூப். பேர்ண் ஆஸ்பத்திரிக் குசினியில நான் இருபத்தெட்டு வருஷம் வைச்ச சூப்பை விட நல்லாயிருந்தது, அதை மாமியிட்டச் சொல்லாதை.

இஞ்ச வயசான ஆக்களுக்கு ஸ்பானிய மொழி தெரியும். குசினியில ஸ்பானியக்காரரோட வேலை செய்தபடியால் எனக்கும் கொஞ்சம் வரும். என்ன, வெங்காயம் கேக்கவும் ஆளை ஏசவும்தான் தெரியும். அதை வைச்சுத்தான் விசாரிக்கிறன். இதுவரை பதினாலு லொட்ஜ்.

ஐயருக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை.

குலேந்திரன்


ஓல்டன்
10.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்றுக் கடிதம் வந்தது, இன்றே எழுதுகிறேன். சுகம் கேட்டு எழுதப் பொறுமையில்லை, குறை நினைக்காதீர்கள்.

அடக்கம் செய்த இடத்தைப் பார்க்கப் போன மனிதர் ஏன் பதினாலு லொட்ஜில் ஏறி இறங்குகிறார்? இதை நான் கேட்கவில்லை, மாமி கேட்டா. கடிதம் திறந்திருந்த போனை மேசையில் விட்டுவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போயிருந்தேன். மாமி முதியோர் இல்லத்தில் வேலை முடித்து நேரே வந்தவ, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்று வாசித்திருக்கிறா.

"என்ன பிள்ளை இது? காய்ச்சலில செத்த மனுசன். கூட இருந்தவை தாட்டவை. அப்பிடித்தானே எனக்குச் சொன்னவர்?"

"எனக்கும் அவ்வளவுதான் தெரியும் மாமி."

"லொட்ஜிலயோ தாட்டவை?"

ஜெனுசன் நித்திரையால் எழும்பி வந்து, "அம்மா, அவருக்கு அங்க ஒரு குடும்பம் இருக்கோ தெரியாது" என்று பகிடி விட்டார். மாமி சிரிக்கவில்லை. "போடா விசரா" என்றுவிட்டுக் கதிரையில் இருந்தா. பிறகு மெதுவாகச் சொன்னா:

"நான் இவரைக் கலியாணம் கட்டி வரேக்க அந்தப் பெடியன் படத்தில மட்டும்தான் இருந்தவன். கண்ணால காணாத மனுசனுக்கு இருபத்தேழு வருஷம் படையல் சமைச்சிருக்கிறன். அண்டைக்கு லீவு எடுத்து, முழுகி, வெறும் வயித்தில. இப்ப எனக்குச் சொல்லாமல் உனக்குச் சொல்றார், வேண்டாமெண்டு."

திவசம் வேண்டாமென்று நீங்கள் என்னிடம் சொன்னதை நான் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை மாமா. ஐயருக்கு ஒன்றும் சொல்லாதே என்று நீங்கள் எழுதிய வரியிலிருந்து விளங்கிக்கொண்டுவிட்டா. அவவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

நான் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம். யாழ்ப்பாணத்தில் படித்த படிப்பு இங்கே ஒன்றுக்கும் ஆகவில்லை, டொச் மொழி வகுப்புக்கும் பிள்ளையோடு போக முடியவில்லை. நீங்கள் மட்டும்தான் பின்னேரங்களில் வந்து ஆருஷைத் தூக்கிக்கொண்டு, "நீ ஒரு அரை மணித்தியாலம் படு பிள்ளை" என்பீர்கள். அதனால் உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். சின்ன மாமா இறந்துவிட்டாரா, இல்லையா?

சிவானுஜா


ஓல்டன்
19.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒன்பது நாளாகக் கடிதம் இல்லை. போனில் நேற்றும் "சுகம் பிள்ளை" என்றீர்கள், பின்னால் யாரோ இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. நான் அதிகப்படியாக எழுதியிருந்தால் மன்னியுங்கோ.

ஆருஷுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. இப்போது சுகம். கோயிலிலிருந்து திரும்பவும் கேட்டார்கள். மாமி இங்கு வருவதில்லை. வேலை கூட என்கிறா.

ஒரு வரி என்றாலும் எழுதுங்கோ.

சிவானுஜா


தாஞ்சியர்
21.03.2025

அன்பு மருமகளுக்கு,

காய்ச்சல் வந்து மாறினது எண்டு ஒரு வரியில எழுதியிருக்கிறாய். எத்தனை நாள், எத்தனை பாகை எண்டு எழுதேல்லை. உனக்கும் எனக்கும் ஒரே பழக்கம்தான்.

நீ கேட்டதுக்குச் சொல்றன். எனக்குத் தெரியாது. தம்பி லக்ஷ்மணன் செத்தானோ இல்லையோ எண்டு எனக்கு ஒருநாளும் தெரியாது.

தொண்ணூற்றிமூண்டு பங்குனியில நாங்கள் ரெண்டு பேரும் இந்த ஊரில ஒரு லொட்ஜில இருந்தனாங்கள். எனக்கு முப்பத்திமூண்டு வயசு, அவனுக்கு இருபத்திரண்டு. ஏஜென்சிக்காரன் ரெண்டு பாஸ்போட், ரெண்டு டிக்கெட் தந்தான். ஸ்பெயினுக்குக் கப்பல், விடிய ஒன்பது மணி. முகம் ஒரே மாதிரி, பேர் வேற வேற, அதனால சேர்ந்து வரவேண்டாம், ஒராள் முந்தி, மற்றாள் பிந்தி எண்டான். கப்பல் ஓடுறது ஸ்பெயின் நேரத்துக்கு, மணிக்கூட்டை இப்பவே மாத்து எண்டும் சொன்னான். இந்த ஊர் நேரத்தை விட ரெண்டு மணித்தியாலம் முன்னுக்கு. நான் மாத்தினன். எங்கள் ரெண்டு பேருக்கும் இருந்தது என்ரை கையில கிடந்த அந்த ஒரு மணிக்கூடுதான்.

விடிய எழும்பி, படுத்திருந்தவனைத் தட்டி, "நான் போறன், நீ எட்டு மணிக்கு வெளிக்கிடு" எண்டு சொன்னன். அவன் நித்திரையோட "ஓம் அண்ணை" எண்டான்.

லொட்ஜ் சுவரில ஒரு மணிக்கூடு கிடந்தது. அது இந்த ஊர் நேரம். அவன் அதைப் பாத்துத்தானே வெளிக்கிடுவான். அவன்ரை எட்டு மணிக்கு நான் கடல்ல ஒரு மணித்தியாலம் போயிட்டன்.

கப்பல் விலகி அரை மணித்தியாலத்தில எனக்கு விளங்கிட்டுது. விளங்கின பிறகும் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனான். அதுதான் எனக்கு மறக்குதில்லை.

பிறகு சுவிஸ், முகாம், விசாரணை. லொட்ஜுக்கு முதல் கடிதம் எழுதினது மார்கழியில. ஒன்பது மாசம் கழிச்சு. எழுதப் பயமாயிருந்தது, வேறொண்டுமில்லை. பதில் வரேல்லை. உன்ரை மாமி கலாவதி வந்த பிறகு, படத்தைக் காட்டி ஆர் எண்டு கேட்டா. காய்ச்சலில செத்தவன் எண்டன். செத்ததெண்டால் மேல கேள்வி இல்லைத்தானே. எந்தத் திதி எண்டு கேக்க, கப்பல் ஏறின நாளைச் சொன்னன்.

இதைப் பென்சன் எடுக்கும் வரைக்கும் குசினியில நிண்டு மறந்தனான். வீட்டில இருக்க மறக்க ஏலேல்லை.

லொட்ஜைக் கண்டுபிடிச்சிட்டன். இருபத்தோராவது இடம். இப்ப கீழ் மாடியில போன் உறை விக்கிற கடை. கடைக்காரன் ஹமீத் எண்டு, அப்பத்தைய முதலாளியின்ரை மகன். நாளைக்கு ஆறுதலாய்க் கதைப்பம் எண்டிருக்கிறான்.

குலேந்திரன்


ஓல்டன்
22.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இதை ஜெனுசனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இன்னும் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களில் பாதியைத்தான் இதுவரை அவருக்கு வாசித்திருக்கிறேன், மிச்சத்தை விழுங்கிவிட்டு, "அப்பா நல்லாச் சாப்பிடுறாராம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆருஷுக்கு முப்பத்தொன்பது தசம் ஆறு. இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஜெனுசன் வேலையில், மாமி கோபத்தில். நான் தனியாக ஒரு கதிரையில் இருந்தேன். எழுதினால் நீங்கள் தேடலை விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள் என்று எழுதவில்லை. இப்போது ஓடித் திரிகிறான், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஹமீத் என்ன சொன்னார்?

சிவானுஜா


தாஞ்சியர்
26.03.2025

அன்பு மருமகளுக்கு,

பிள்ளையை ஆஸ்பத்திரியில வைச்சுக்கொண்டு தனிய இருந்திருக்கிறாய். எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் இதை ஆருக்கும் சொல்ற தகுதியில இல்லை, விடு.

ஹமீதுக்கு அப்ப பதினைஞ்சு வயசு. லக்ஷ்மணனை நல்லா நினைவிருக்கு. அண்டு எட்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் மத்தியானம் திரும்பி வந்தவனாம். அடுத்த நாள் விடிய திரும்பத் துறைமுக வாசலுக்குப் போனவனாம். அதுக்கடுத்த நாளும். அண்ணை அடுத்த கப்பல்ல திரும்பி வருவார் எண்டு கைப்பாஷையில சொன்னவனாம். ஹமீதின்ரை தகப்பன் அறைக் காசு கேக்கிறதை விட்டிட்டார், மொட்டைமாடியில படுக்க விட்டவர். வாசலில நிண்டு ஆக்களின்ரை பெட்டி தூக்கினவன். முதல் உழைச்ச காசில ஒரு மணிக்கூடு வாங்கினவனாம்.

ஏழு மாசம், பிள்ளை. ஐப்பசி வரைக்கும். பிறகு மழை தொடங்க, ஒரு செனகல் பெடியனோட கசபிளாங்காவுக்குப் பஸ் ஏறினவன். அங்க மீன் பதனிடுற இடத்தில வேலை எண்டு சொன்னவனாம். அதுக்குப் பிறகு ஹமீதுக்கும் தெரியாது. என்ரை மார்கழிக் கடிதம் வந்ததாம். ஆருக்கும் வாசிக்கத் தெரியேல்லை.

நான் கேட்டுக்கொண்டிருந்த கடைக்குள்ள ஆக்கள் வந்து போன் உறை வாங்கிக்கொண்டு போயினம். ஹமீத் எனக்கு ஒரு ஸ்டூல் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தில நான் வரேல்லை. கசபிளாங்காவுக்கு ரயில் இருக்கு. அது பெரிய நகரம், இஞ்சத்தையப் போல இறக்கத்தில போனால் கடல் எண்டு நடக்க ஏலாதாம். பரவாயில்லை. திவசத்துக்கு என்ன சொல்றதெண்டு எனக்குத் தெரியேல்லை. கலாவதிக்கு நீயே பாத்துச் சொல்லு. எனக்கு முகமில்லை.

குலேந்திரன்


ஓல்டன்
27.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று பின்னேரம் மாமியைக் கூப்பிட்டு, ஜெனுசனையும் இருத்தி, எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றி எழுதியதையும் வாசித்தேன்.

தேத்தண்ணி வாங்கிக் குடித்த இடத்தில் ஜெனுசன் எழும்பி வெளிமாடத்துக்குப் போய்விட்டார். நான் அவர் வரும்வரை நிறுத்தி வைத்திருந்தேன். வந்து, "வாசி" என்றார்.

ஏழு மாதம் என்று வந்ததும் மாமி விரலில் எண்ணிப் பார்த்தா. பிறகு கேட்டா, "அப்ப, அந்தச் சப்தமியில அவன் உயிரோடயோ நிண்டவன்?"

"ஓம் மாமி. துறைமுக வாசலில."

"உயிரோட நிண்ட நாளில எள்ளும் தண்ணியும் இறைப்பிச்சிருக்கிறன்."

"அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் ஜெனுசன்.

"எனக்குத் தெரியாது. அந்த மனுசனுக்குத் தெரியுமெல்லோ. இருபத்தேழு வருஷம் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

உங்களுக்கு இதை மறைக்க விரும்பவில்லை. மாமிக்குக் கோபம் இருக்கிறது, அது கெதியில் ஆறாது. ஆனால் சொல்லிவிட்டு எழும்பிப் போய் எங்கள் சாமி அறையில் சின்ன மாமாவின் படத்திலிருந்த மாலையைக் கழற்றினா. எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றா. படத்தைத் துடைத்து, ஆருஷின் படத்துக்குப் பக்கத்தில், வரவேற்பறையில் வைத்திருக்கிறா.

ஐயருக்கு மாமியே போன் எடுத்தா. "அது இல்லை ஐயா, இந்த வருஷம் இல்லை" என்று மட்டும் சொன்னா. என்ன காரணமென்று அவர் கேட்டிருக்கவேண்டும். "ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறம்" என்றா.

பிறகு என்னிடம், "பிள்ளை, அந்தப் பெடியனுக்கு என்ன சாப்பாடு விருப்பமெண்டு மாமாவிட்டக் கேட்டெழுது. நாலாம் திகதி நான் மச்சம் சமைக்கப் போறன்" என்றா. திவச நாளில் இந்த வீட்டில் மீன் வெட்டுவதா என்றுதான் முதலில் நினைத்தேன். அவ சொன்னதன் அர்த்தம் அதற்குப் பிறகுதான் விளங்கியது. மீனா, நண்டா, என்ன குழம்பு என்று எழுதுங்கோ.

இப்போது அவசரமான விஷயம். ஜெனுசன் இரண்டு கிழமை லீவு கேட்டுவிட்டார். சனிக்கிழமை மட்ரிட் வழியாக வருகிறார். "முழங்கால் ஏலாத மனுசன் கசபிளாங்காவில தனிய என்னத்தைத் தேடுறது? அவருக்கு வெங்காயம் கேக்கத்தானே தெரியும், எனக்குப் பிரெஞ்சு தெரியும்" என்கிறார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் பையைக் கட்டிவிட்டார். அவர் வரும்வரை நீங்கள் ரயில் ஏறவேண்டாம். இருக்கும் அறையிலேயே இருங்கோ.

என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் வரும்வரை மாமி இங்கே எங்களோடு படுக்கிறா. இன்று ஆருஷை அவதான் வைத்திருக்கிறா, நான் இரண்டு மணித்தியாலம் படுத்தேன். களைப்பு எனக்குப் போகவில்லை, ஆனால் படுத்தேன்.

விமான நிலையத்திலிருந்து அந்தச் சதுக்கத்துக்கு எந்த டாக்சியில் ஏறவேண்டும், அங்கிருந்து உங்கள் அறைக்கு எப்படி நடக்கவேண்டும், அறையின் பெயர் என்ன, எல்லாம் அவருக்கு விளங்கும்படி எழுதுங்கோ. நான் டொச்சில் மாற்றி அவர் போனில் போட்டுவிடவேண்டும். நாளை மாலைக்குள் வேண்டும். தயவுசெய்து கெதியாய்ப் பதில் எழுதுங்கோ.

உங்கள் மருமகள்
சிவானுஜா